துவக்குக்கும் முதலெழுத்து உண்டு

அரச அலுவலகங்களில் யாரை எந்த மேசையில் உட்கார வைப்பது என்று தீர்மானிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் குறும்பு இருக்கத்தான் செய்கிறது. இல்லாவிட்டால், துவக்கு, அதுதான் துப்பாக்கி, என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற உதயகலாவைக் கொண்டுபோய்த் துவக்கு அனுமதிப்பத்திரப் பகுதியில் போட்டிருப்பார்களா? எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் ஒரு பிழை வருகிறது. பிழைக்கு முகவரி கொடுத்தால் அதைத் தேடிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கோ ஒரு மாடிக் கட்டடம், வாசலில் ஒரு வேம்பு, அதன் கீழ் சைக்கிள்களும் ஸ்கூட்டிகளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதயகலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு. கணவர் பள்ளிக்கூட ஆசிரியர், மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பத்தொன்பது வருட அரச சேவையில் அவள் எழுதிய பதிவேடு எதிலும் ஒரு வெட்டு, ஒரு திருத்தம் கிடையாது. அச்சடித்தது போன்ற கையெழுத்து. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவளுடைய புத்தகத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதில் அவளுக்குப் பெருமை இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளமாட்டாள், ஆனால் யாராவது அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும்போது கடைக்கண்ணால் கவனித்துக்கொண்டுதான் இருப்பாள்.

துவக்குப் பகுதியில் வேலை அப்படியொன்றும் அதிகமில்லை. பயிரைக் காப்பதற்கென்று அனுமதி பெற்று வைத்திருக்கும் கமக்காரர்கள் முப்பத்தேழு பேர். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரும் புத்தகத்தையும் துவக்கையும் கொண்டுவர வேண்டும். அதிகாரி துவக்கைக் கையில் எடுத்து, அதில் பொறித்திருக்கும் இலக்கம், வகை, எந்தத் தோட்டாவுக்கு உரியது என்ற மூன்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உதயகலா இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தாள். வருகிறவர்கள் துவக்கை வாசலில் காவலாளி தில்லைநாதனிடம் கொடுத்துவிட்டுப் புத்தகத்தோடு மட்டும் மேலே வருவார்கள். தில்லைநாதன் துவக்கைப் பார்த்து இலக்கத்தைக் கீழே இருந்தே சத்தமாக வாசிப்பார். அவள் சன்னலோரம் இருந்து புத்தகத்தில் சரி போடுவாள். துவக்கு மாடிப்படி ஏறுவதே இல்லை.

அதை யாரும் குற்றமாக எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது, சொல்லியிருக்கமாட்டாள். தொண்ணூற்றாறில், அவளுக்குப் பதினைந்து வயதில், இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நான்கு சோதனைச் சாவடிகள். முதல் நாள் அவளுடைய அம்மா ஞானாம்பிகை கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றபோது மெல்லச் சொன்னாள்: "துவக்கைப் பாராதை. கையிலை இருக்கிற அடையாளக் காட்டைப் பார்." உதயகலா அப்படியே செய்தாள். பதின்மூன்று வருடம் அப்படியே செய்தாள். துவக்கு எதிரே நீட்டிக்கொண்டு நிற்கும், அவள் தன் அடையாள அட்டையின் எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பழகிவிட்டது. எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நெஞ்சு இடிக்காது.

அப்படிப்பட்டவளிடம்தான் போன ஐப்பசியில் சீவரத்தினம் வந்தார்.

சீவரத்தினத்துக்கு ஊர் எழுதுமட்டுவாள். இருபது வருடம் மதவாச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இயந்திரம் பார்த்துவிட்டு, அறுபத்தாறு வயதில் திரும்பி வந்து கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். கச்சான் பிடிக்கத் தொடங்கினால் பன்றி வந்துவிடும். ஒரே இரவில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போய்விடும். மதவாச்சியில் அவரோடு வேலை செய்த அபேகோன் என்ற சிங்களவர், வயது போய்விட்டது, இனி எனக்கு எதற்கு என்று தன்னுடைய பழைய ரைபிளைச் சட்டப்படி அவருக்கு மாற்றிக் கொடுத்தார். சீவரத்தினம் பழைய அனுமதிப் புத்தகத்தையும் கடிதங்களையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அந்தப் பழைய புத்தகம் எத்தனையோ மழை கண்டது. கோடுகள் அழிந்து, மை மங்கி, ஒரு கட்டத்தில் இருந்த எழுத்து அடுத்த கட்டத்துக்குள் போய்க் கிடந்தது. ஒரு வரியின் கடைசியில் ஆங்கிலத்தில் 'புள்ளி 22' என்று இருந்தது. அதையடுத்து மூன்று எழுத்துகள்: டபிள்யு. எம். ஆர். அதற்கு அடுத்த வரி 'அபேகோன்' என்று தொடங்கியது.

இதை வாசிக்கிற நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள்? இந்த நாட்டில் பத்தொன்பது வருடம் அரச கடிதம் வாசித்த எவரும் நினைப்பதைத்தான் உதயகலாவும் நினைத்தாள். கொழும்பிலிருந்து வருகிற சுற்றறிக்கைகளின் அடியில் பாதிப் பெயர்கள் டபிள்யு. எம். என்றுதான் தொடங்கும். சிங்களவர்களின் வாசகம என்கிற குடும்பப் பெயர் அப்படிப்பட்டது, இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஒரு பரம்பரையே நிற்கும். ஆக, துவக்கு புள்ளி 22. முந்தைய உரிமையாளர் டபிள்யு. எம். ஆர். அபேகோன். அவள் அச்சடித்தது போன்ற எழுத்தில் புதிய புத்தகத்தில் அப்படியே எழுதினாள்.

கீழே தில்லைநாதன் இலக்கத்தை வாசித்துவிட்டு, "மிஸ், குழாயிலை வேறை என்னவோ எழுதிக் கிடக்கு," என்றார்.

"இலக்கம் காணும் அண்ணை," என்றாள் உதயகலா.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் பின்னாளில் எத்தனை தடவை நினைத்திருப்பாள் என்று கணக்கில்லை.

பிறகு மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தைப்பொங்கல் முடிந்து, கச்சான் முற்றத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை சீவரத்தினம் மறுபடி வந்து தோட்டா வாங்க அனுமதி கேட்டார். அபேகோன் கொடுத்த பெட்டி முடிந்துவிட்டதாம். அவள் தன் புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தாள்: புள்ளி 22 தோட்டா, ஐம்பது. அவருடைய மருமகன் வவுனியாப் பக்கம் வான் ஓடுகிறவன், புதன்கிழமை வாங்கி வருவான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் பின்னேரம் மூன்று மணிக்குத் தபால் வந்தது. அபேகோனிடமிருந்து ஒரு கடிதம். துவக்கு மாறிவிட்டதை உறுதிப்படுத்தி ஒரு வரி எழுதினால் இங்கே என் பழைய கோப்பை மூடுவார்கள் என்று சிங்களத்தில் எழுதியிருந்தார். அடியில் முழுப் பெயர், கையெழுத்து, தொலைபேசி இலக்கம்.

உதயகலாவுக்கு வாசிக்கிற அளவுக்குச் சிங்களம் தெரியும். பெயரை வாசித்தாள். ஹேரத் கெதர பியசேன அபேகோன். மறுபடி வாசித்தாள். எச். ஜி. பி. இதில் டபிள்யு எங்கே? எம் எங்கே?

முதலில் அவளுக்கு வந்த பயம் வேறு. யாரோ ஒருவருடைய துவக்கை இன்னொருவர் பெயரில் மாற்றிக்கொடுத்துவிட்டோமோ என்று நினைத்தாள். உடனே அந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அபேகோன் வவுனியா எல்லையில் வாழ்ந்தவர், தமிழ் கொச்சையாக வரும்.

"டபிள்யு. எம். ஆர். எண்டு புத்தகத்தில கிடக்கு. அது எந்த ஆள் ஐயா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது ஆள் இல்லை மிஸ். அது தோட்டா. மக்னம் தோட்டா. துவக்கிலயும் அப்பிடித்தான் வெட்டி இருக்கு, நீங்க பாக்க இல்லையா?"

அவள் பதிவேட்டைத் திறந்தாள். "அப்ப, சும்மா இருபத்திரண்டு?"

"அது வேற, இது வேற. சும்மா இருபத்திரண்டு கொஞ்சம் மெலிசு, கட்டை. மக்னம் தடிப்பு, நீட்டு."

"மெலிசைப் போட்டால் துவக்குக்குள்ளை போகுமோ?"

கிழவரின் சிரிப்பு நின்றது. "போகாட்டி நல்லம் மிஸ். போகும். அதுதான் வில்லங்கம். இடம் கூடிப் போச்செண்டா பித்தளைக் கோது வீங்கிப் பிளக்கும். நெருப்பும் பித்தளையும் முன்னுக்குப் போகாம பின்னுக்கு வரும். துவக்கில கன்னம் வச்ச ஆளுக்குக் கண் எங்க இருக்கு? அங்கதான்." பிறகு கேட்டார்: "ஏன் மிஸ், சீவா அண்ணை சாதாத் தோட்டா வாங்கிட்டாரா?"

பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி உதயகலா தொலைபேசியை வைத்தாள். மேசையில் திங்கட்கிழமை எழுதிய அனுமதியின் பிரதி கிடந்தது. அழகான எழுத்து. புள்ளி 22, ஐம்பது.

சீவரத்தினத்துக்கு எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். ஐந்து தடவை, ஆறு தடவை. அந்தப் பகுதிப் பொலிஸுக்கு எடுத்தாள். சொல்லிவிடுகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. நேரம் மூன்றரை. பன்றி இருட்டுமுன்னே பனங்கூடலிலிருந்து இறங்கிவிடும் என்று அவர் திங்கட்கிழமை இதே மேசைக்கு முன்னால் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது அவள் கேட்டதாகத் தலையை ஆட்டிவிட்டு முத்திரையை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு தலைமை எழுதுனர் வாகீசனின் மேசைக்குப் போனாள். வாகீசன் அவளைவிட ஆறு வயது இளையவன், கெட்டவன் இல்லை, ஆனால் எதற்கும் பயந்தவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு முகம் வெளிறினான்.

"அக்கா, நீங்கள் இப்ப ஓடினால் பிழை எங்கடை எண்டு நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. நாளைக்குக் காலமை கூப்பிட்டு ஆறுதலாக் கதைப்பம்."

"நாளைக்குக் காலமை அவருக்குக் கண் இருக்குமோ தம்பி?" என்று கேட்டாள் உதயகலா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் ஸ்கூட்டியின் திறப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

எழுதுமட்டுவாள் பக்கத்தில் இருக்கிற இடமில்லை. கண்டி வீதியில் ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும். அவள் ஸ்கூட்டியில் கொக்குவிலிலிருந்து அலுவலகத்துக்கு வந்து போகிறவள், நாற்பதுக்கு மேல் ஓடியதில்லை. அன்றைக்கு அறுபதில் போனாள். சாவகச்சேரிச் சந்தையடியில் ஒரு பஸ் உரசுவதுபோல வந்து விலகியது. கொடிகாமத்தில் நிறுத்தி மறுபடி தொலைபேசி எடுத்துப் பார்த்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மிருசுவில் தாண்டும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. அவளுக்கு நேரே முன்னால் ரயில் கடவை மூடிக்கொண்டது.

ரயில் வரக் காணோம். கடவைக்காரர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் உழவு மெஷினில் இருந்தவன் ஆறுதலாகப் பீடி பற்றவைத்தான். அவளுக்கு அந்தப் பீடியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. நான்கு நிமிடம் நின்றாள். வாழ்க்கையில் எத்தனையோ வரிசையில் எவ்வளவோ நேரம் நின்றவள், இந்த நான்கு நிமிடம் மாதிரி ஒன்றைக் கண்டதில்லை. அந்த வரிசைகளில் தனக்கு என்ன ஆகுமோ என்றுதான் பயம். இங்கே தன் கையெழுத்தால் இன்னொருவருக்கு என்ன ஆகுமோ என்று பயம். இது மற்றதைவிட மோசமாக இருந்தது.

கடவை திறந்தது. ஒழுங்கை மணல். ஸ்கூட்டி இரண்டு தடவை சறுக்கியது. விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது ஐந்தேகால். படலையில் சீவரத்தினத்தின் மனைவி பூரணம் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயா எங்கை அம்மா? ரெலிபோன் எடுக்கிறார் இல்லை."

"அது உள்ளுக்கை சார்ஜிலை கிடக்கு. நான் கிணத்தடியிலை நிண்டனான். அவர் நாலு மணிக்கே தோட்டத்துக்குப் போட்டார்."

"துவக்கோடையோ?"

"பின்னை, தும்புத்தடியோடையோ போவார்?" என்று சிரித்த பூரணம், வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டாள். "ஏன் பிள்ளை? ஆர் நீங்கள்?"

உதயகலா வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில்தான் வெடிச்சத்தம் கேட்டது.

சுள்ளென்ற சத்தமில்லை. பானையை நிலத்தில் போட்டுடைத்த மாதிரி ஒரு மொத்தைச் சத்தம். உதயகலா எப்போது குந்தினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையும் தலையில் இருந்தன. பார்த்தால் பூரணமும் குழைக்கட்டோடு குந்தியிருந்தாள். போர் முடிந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது, உடம்பு மறக்கவில்லை. இரண்டு பெண்களும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உதயகலா எழும்பி ஓடினாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலிக் கடப்பால் ஏறி விழுந்து ஓடினாள். கச்சான் வரம்புகள் காலை இடறின. துவக்கோடு ஒருவர் பதுங்கியிருக்கும் தோட்டத்துக்குள் சொல்லாமல் ஓடுவது மடத்தனம் என்று பாதி வழியில்தான் உறைத்தது. "ஐயா, சுடாதேங்கோ, மனுசர் வாறம்," என்று கத்தினாள். குரல் கீச்சிட்டது. வெட்கப்பட நேரமில்லை.

தோட்டத்தின் கோடியில், காவற்கொட்டிலுக்கு முன்னால் சீவரத்தினம் நிலத்தில் இருந்தார். உயிரோடு இருந்தார். ஒரு கையால் வலது கன்னத்தைப் பொத்தியிருந்தார். விரலிடுக்கில் இரத்தம் வடிந்தது. மடியில் ரைபிள் கிடந்தது. மற்றக் கையில் பேனாக்கத்தி. அவர் திறந்த துவக்குக்குள் கத்தி நுனியை விட்டு எதையோ நெம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓலைப் பாயில் இன்னொரு தோட்டா எடுத்துவைத்தபடி இருந்தது.

"ஐயா, கையை எடுங்கோ. கண்ணைப் பாப்பம்."

அவர் கையை எடுத்தார். கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை தள்ளி, சதை கிழிந்திருந்தது. கண் சிவந்து நீர் வடிந்தது. ஆனால் கண் இருந்தது. அவளைப் பார்த்தது. உதயகலாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்கள் கச்சேரி மிஸ் எல்லோ?" என்றார் அவர் ஆச்சரியத்தோடு. இங்கே எல்லா அரச அலுவலகமும் அவருக்குக் கச்சேரிதான். "இஞ்சை என்ன செய்யிறியள்? தள்ளி நில்லுங்கோ. பன்றி நாலு நிண்டது, திரும்பி வரும். தோட்டா ஒண்டு பழுது, பிளந்துபோச்சு. இந்தக் கோதை எடுத்திட்டு மற்றதைப் போடப் போறன்."

"போடாதேங்கோ. அது இந்தத் துவக்கின்ரை தோட்டா இல்லை."

"ஏன் இல்லை? பெட்டியிலை இருபத்திரண்டு. புத்தகத்திலையும் இருபத்திரண்டு." கத்தி கிளிக்கென்றது, பிளந்த கோது கழன்று விழுந்தது. அவர் பாயில் கிடந்த தோட்டாவை எடுத்தார். "நீர்தானே பிள்ளை எழுதினது? உம்மடை கையெழுத்து மாதிரி ஒரு கையெழுத்தை நான் காணேல்லை. உதிலை பிழை வராது."

இதைவிடக் கொடுமை வேறென்ன இருக்க முடியும்? எதிரே நின்று வேண்டாம் என்று கதறுகிறவளை அவர் நம்பவில்லை. அவள் எழுதின தாளை நம்பினார். அவளும் அப்படித்தானே வாழ்ந்தவள்.

"தோட்டா முந்தினதிலும் சின்னன் எண்டு தெரியேல்லையோ ஐயா உங்களுக்கு?"

"தெரிஞ்சது," என்றார் சீவரத்தினம். "எதுதான் இப்ப முந்தின மாதிரிக் கிடக்கு? பாண் சின்னன். சவுக்காரம் சின்னன். விசுக்கோத்தும் சின்னன். தோட்டாவும் சின்னனாப் போச்செண்டு நினைச்சன்."

வேறு நேரமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அவருடைய கை தோட்டாவோடு துவக்கின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. உதயகலா முழங்காலில் இருந்து, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துவக்கைப் பிடித்தாள். குழாய் சூடாக இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"புத்தகத்தை விடுங்கோ ஐயா," என்றாள். "துவக்கைப் பாருங்கோ."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது, அம்மா சொன்னதை அப்படியே தலைகீழாக்கிச் சொல்லியிருக்கிறாள் என்று.

வெயில் பனைகளுக்குக் கீழே இறங்கிவிட்டது. அவள் குழாயைச் சரித்துப் பார்த்தாள். கரியும் எண்ணெயும் படிந்திருந்தன. சேலைத் தலைப்பால் துடைத்தாள். விரலால் தடவினாள். இரும்பில் வெட்டியிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டன. அவள் சத்தமாக வாசித்தாள். "புள்ளி இருபத்திரண்டு. டபிள்யு. எம். ஆர்."

"அது என்ன?"

"அதுதான் இந்தத் துவக்கு கேக்கிற தோட்டான்ரை பேர். நான் அதை அபேகோன் ஐயான்ரை இனிஷியல் எண்டு நினைச்சன். துவக்கிலை இருந்து எடுத்து அவற்றை பேருக்கு முன்னாலை போட்டிட்டன்."

சீவரத்தினம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் இயந்திரம் பார்த்த மனிதர். வார்த்தையை நம்பாவிட்டாலும் இரும்பை நம்புவார். தோட்டாவை ஓட்டைக்குள் போடாமல் அதன் விளிம்பில் மட்டும் வைத்து, விரல் நுனியால் மெல்ல அசைத்துப் பார்த்தார். அது பக்கத்துக்குப் பக்கம் ஆடியது. "ஆடுது," என்றார். விழுந்து கிடந்த கோதை எடுத்தார். ஒரு பக்கம் வயிறு வீங்கி, நெடுக்காகக் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் ஒரு துண்டு இல்லை. அது எங்கே போயிருக்கும் என்று அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு தோட்டாவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். ரைபிளின் பின்பக்கத்துப் பூட்டை உருவி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். பன்றிகள் வந்தால் வரட்டும் என்ற மாதிரி இருந்தது.

"அப்ப பிழை துவக்கிலை இல்லை," என்றார்.

"இல்லை ஐயா. தோட்டாவிலையும் இல்லை. என்னிலைதான்."

பூரணம் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்து, கணவனின் முகத்தைப் பார்த்து ஐயோ என்று இருந்துவிட்டாள். உதயகலாதான் அவரை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூன்று தையல். கண்ணைக் கழுவிப் பார்த்த டொக்டர், இன்னும் ஒரு விரல் மேலே பட்டிருந்தால் நான் பார்த்து ஒன்றும் ஆகியிருக்காது என்றார். உதயகலா வெளியே வாங்கில் போயிருந்து கொஞ்ச நேரம் அழுதாள். பயம் போன அழுகைதான், ஆனாலும் வெட்கமும் அதற்குள் இருந்தது.

மறுநாள் காலையில் வாகீசன் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். "அக்கா, நான் பாத்திட்டன். இருபத்திரண்டுக்குப் பக்கத்திலை இடம் கிடக்கு. அந்த மூண்டு எழுத்தையும் அதே பேனாவாலை சேர்த்துவிடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியவராது."

இடம் இருக்கத்தான் செய்தது. அவளுடைய எழுத்து எப்போதும் தாராளமாக இடம் விடும். உதயகலா லாச்சியைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். பத்தொன்பது வருடத்தில் மற்றவர்களின் புத்தகத்தில் மட்டுமே பாவித்த பேனா. அபேகோனின் பெயருக்கு முன்னாலிருந்த எழுத்துகளைக் குறுக்கே வெட்டினாள். துவக்கின் கட்டத்தில், புள்ளி 22க்குப் பக்கத்தில், அவற்றைச் சிவப்பில் எழுதினாள். ஓரத்தில் தேதியும் தன் கையெழுத்தும் போட்டாள். பிறகு நடந்ததை ஒன்றும் விடாமல் இரண்டு பக்கத்தில் எழுதி மேலே அனுப்பினாள். அதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவளுடைய கோப்பில் இன்றைக்கும் இருக்கிறது.

அந்தக் கிழமையே முப்பத்தேழு பேருக்கும் அறிவித்தல் போனது. பூட்டைக் கழற்றி, தோட்டா இல்லாமல், துவக்கோடு வரவும். தோட்டாப் பெட்டியைத் தனியாகக் கொண்டுவரவும். உதயகலா தன் மேசையை மாடியிலிருந்து இறக்கி வேம்பின் கீழ் போடச் சொன்னாள். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு துணி, பதிவேடு. தில்லைநாதன் வழக்கம்போல இலக்கம் வாசிக்க எழும்பி வந்தார்.

"நீங்கள் இருங்கோ அண்ணை," என்றாள். "நான் பாக்கிறன்."

வரிசையில் முதலாவதாகச் சீவரத்தினம் நின்றார். கண்ணுக்குக் கீழே பிளாஸ்ரர். துவக்கை மேசையில் குறுக்காக வைத்தார். அவளுக்கு இன்னமும் நெஞ்சு இடிக்கத்தான் செய்தது. குழாயைத் தன் பக்கம் திருப்பி, துணியால் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். புதிதாக வாங்கிய பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து அதன் பெயரையும் வாசித்தாள். இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் இன்னொரு தடவை வாசித்தாள்.

"பேர் சொல்லுங்கோ ஐயா."

"க. சீவரத்தினம்," என்றார் அவர். பிறகு துவக்கைத் தட்டிக் காட்டினார். "உவருக்கும் இனிஷியல் இருக்குப் பிள்ளை. விட்டிடாதையும்."

பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உதயகலா தலை நிமிரவில்லை. அவருடையதை ஒரு வரியிலும் துவக்கினுடையதை அடுத்த வரியிலும் எழுதினாள். நடுவே ஒரு கோடு போட்டாள்.